முன்னால் போவது யாருடைய வண்டி? பாம்பன் பாலத்தில் மூன்று மீன் வண்டிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமேசுவரம் தீவில் கரை சேரும் மீனும் இறாலும் நண்டும் எந்த வண்டியில் ஏறினாலும் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்துதான் நிலப்பகுதிக்கு வர வேண்டும். 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுடையது. போக ஒரு தடம், வர ஒரு தடம் என்ற அகலம்தான். படகுகள் அடியில் கடந்து செல்வதற்காக நடுப்பகுதி உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதால், எந்தக் கரையிலிருந்து ஏறினாலும் உச்சியை நெருங்கும்வரை மறுபக்க இறக்கத்தில் என்ன நிற்கிறது என்பது கண்ணுக்குப் படாது. வெளியூரிலிருந்து வருபவர்கள் கடலையும் பக்கத்திலுள்ள ரயில் பாலத்தையும் பார்ப்பதற்காகப் பாலத்தின் மேலேயே வண்டியை ஓரங்கட்டி இறங்குவது அன்றாடக் காட்சி. காவலர்கள் ஒரு வண்டியை விரட்டினால் அடுத்த வண்டி வந்து நிற்கிறது.

இந்த ஆய்வுக்குரிய மூன்று வேன்களும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமானவை. தீவின் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். அந்தக் காலைகளில் பெட்டிகளை ஏற்றி ஐஸ் போட்டு, மூன்று வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, மண்டபம், உச்சிப்புளி வழியாக இராமநாதபுரத்தைத் தாண்டிப் போகும். முதல் வேனை ஓட்டுபவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இந்தச் சாலையில் முப்பது ஆண்டு ஓட்டியவர். இரண்டாவது வேனை ஓட்டுபவர் அவருடைய அக்கா மகன். மூன்றாவது வேனில் இருப்பவர் உறவினர் அல்லர். இருபத்தைந்து வயது இளைஞர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. சரக்குப் பெட்டி மூன்றுக்கும் ஒரே மாதிரிதான். ஐஸ் சீக்கிரம் உருகாமலிருக்க உள்ளே தெர்மாகோல் வைத்து அடைத்த, ஓட்டுநர் அறையைவிட உயரமான வெள்ளைக் கூண்டு. பின்னால் வருபவருக்கு அதன் கதவைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

நான் பொறியியல் கல்லூரி ஒன்றில் போக்குவரத்துப் பொறியியல் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்தது மண்டபம் பக்கம். வண்டியின் பின்னால் வண்டி போகும் முறையைக் கணிதமாக எழுதும் மாதிரிகள் என் பாடத்தின் ஒரு பகுதி. உரிமையாளர் எங்கள் குடும்பத்துக்குப் பல காலமாகத் தெரிந்தவர். அவரும் மூன்று ஓட்டுநர்களும் தங்கள் அடையாளம் வெளிவராது என்ற உறுதியின் பேரில் இதை எழுத இசைந்தார்கள்.

அன்று காலை நடந்தது

தை மாதத்தில் மீன் வரத்து மிகுந்த ஒரு நாள், காலை ஒன்பது மணியளவில் மூன்று வேன்களும் பாம்பன் பக்கமிருந்து பாலத்தில் ஏறின. உச்சியைக் கடந்ததும் இடப்பக்கத்தில் ஒரு சுற்றுலா வேன் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய இருவர் எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கிச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். எதிரே பேருந்து வந்ததால் விலகிச் செல்ல இடமில்லை. முதல் வேன் பிரேக் போட்டு நின்றது. இரண்டாவது வேன் அதன் பின்புறத்துக்கு ஒரு முழ இடைவெளியில் நின்றது. மூன்றாவது வேன் இரண்டாவதன் பின்கதவில் மோதியது.

உயிர்ச்சேதம் இல்லை. மூன்றாவது வேன் ஓட்டுநருக்கு மணிக்கட்டில் எலும்பு பிசகியது; பம்பரும் ரேடியேட்டரும் நசுங்கின; மோதப்பட்ட கூண்டின் கதவு வளைந்து திறக்க முடியாமல் போனதால், அதிலிருந்த இறால் நேரத்துக்கு இறக்கப்படாமல் விலை இறங்கியது. அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இதே மூன்று வண்டிகள் தங்களுக்குள் உரசிக்கொண்டது இது நான்காவது முறை என்று உரிமையாளர் சொன்னார். முந்தைய மூன்றும் சிறு உரசல்கள் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வேன் ஓட்டுநர் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார் அல்லது கண்ணயர்ந்துவிட்டார் என்பதே உரிமையாளரின் முடிவாக இருந்தது. பழுதுபார்த்த செலவில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடித்துவிட்டு அவரை அனுப்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். இளைஞரோ திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “ரோட்டைத்தான் சார் பாத்துக்கிட்டு வந்தேன். திடீர்னு கதவு பெருசாயிருச்சு.” நான் இந்த விவகாரத்துக்குள் வந்தது அந்தச் சொல்லால்தான். ஓட்டுநரின் கண்ணைப் பற்றி எங்கள் துறை அறுபது ஆண்டுகளாகப் பேசிவருவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பட்டது. வேலையை விட்டு அனுப்புவதை இரண்டு வாரம் தள்ளிப்போடும்படி உரிமையாளரைக் கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்.

கேமராவும் முதல் கணக்கும்

காப்பீட்டுக்காக மூன்றாவது வேனின் முன்கண்ணாடியில் ஒரு கேமரா பொருத்தப்பட்டிருந்தது. நொடிக்கு 30 படம் என்ற அளவில் அது பதிந்ததை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தேன். பாலத்தின் தளத்தில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை இணைப்பு வருகிறது. முன்வண்டியின் பின்சக்கரம் அதில் ஏறி இறங்கும்போது வெள்ளைக் கூண்டு ஒரு சிறு துள்ளு துள்ளும். சிறிது நேரத்தில் கேமரா இருக்கும் வண்டியே துள்ளும். இரண்டு துள்ளலுக்கும் இடையிலுள்ள படங்களை எண்ணினால் நேர இடைவெளி கிடைத்துவிடும். ஏற்றத்தின் நெடுக அது 20 முதல் 23 படங்கள், அதாவது ஏறத்தாழ முக்கால் நொடி.

இந்த எண்ணைக் கொண்டு, 2000ஆம் ஆண்டு டிரைபர், ஹென்னக்கே, ஹெல்பிங் ஆகிய மூவரும் வெளியிட்ட ‘அறிவார்ந்த ஓட்டுநர் மாதிரி’யில் மூன்று வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் விரும்பும் வேகம், அவர் விட நினைக்கும் நேர இடைவெளி, முடுக்கம், இதமான பிரேக்கின் அளவு ஆகிய சில எண்களைக் கொடுத்தால், ஒவ்வொரு கணத்திலும் அவர் எவ்வளவு வேகமெடுப்பார், எவ்வளவு குறைப்பார் என்பதை அது சொல்லிவிடும். வழக்கமாக ஒன்றரை நொடியை ஒட்டிக் கொடுக்கும் இடைவெளியை நான் 0.7 நொடியாகக் குறைத்துக் கொடுத்தேன். அப்படியும் மூன்றாவது வண்டி மோதவில்லை. பல முறை மாற்றியும் பயனில்லை.

காரணத்தை உணர எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. அந்த மாதிரியின் ஓட்டுநர் முன்வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் பிழையின்றி அறிகிறார். அறிந்த அதே கணத்தில் செயல்படுகிறார். நெடுஞ்சாலையில் நெரிசல் எப்படி உண்டாகிறது, எப்படிப் பின்னோக்கி நகர்கிறது என்பதை விளக்குவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. மோதாமல் ஓடுவது அதன் இயல்பு. மோதல் ஏன் நடந்தது என்று அதனிடம் கேட்டது என் தவறு. அதை வகுத்தவர்களில் இருவரே 2006ஆம் ஆண்டு கெஸ்டிங் என்பவருடன் சேர்ந்து, தாமதமாக எதிர்வினை செய்கிற, தூரத்தைத் தவறாக மதிப்பிடுகிற, அதேசமயம் முன்வண்டிக்கும் முன்னால் உள்ள வண்டிகளைக் கவனித்து அந்தக் குறையை ஈடுகட்டுகிற மனித ஓட்டுநரை எழுதினார்கள். எங்கள் மூன்றாவது வேனுக்குத் தாமதம் இருந்தது, மதிப்பீட்டுப் பிழை இருந்தது, ஈடுகட்டும் வழி மட்டும் இல்லை. வெள்ளைக் கூண்டு அதை மறைத்துவிட்டது.

ஆகவே தாமதத்தைச் சேர்த்து, எளிய கணக்காகத் தாளிலேயே போட்டேன். உச்சியில் மூன்று வண்டிகளும் நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகவும், ஓட்டுநர் ஒவ்வொருவரும் முன்வண்டி பிரேக் பிடித்த 1.2 நொடி கழித்துத் தாம் பிரேக் பிடிப்பதாகவும் கொள்வோம். சாலை அமைப்பில் பார்வைத் தொலைவைக் கணக்கிட சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேராயம் எடுத்துக்கொள்ளும் எதிர்வினை நேரம் 2.5 நொடி, நான் எடுத்தது அதில் பாதிகூட இல்லை. முதல் வண்டி நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் 24 மீட்டரில் நிற்கும். இரண்டாவது வண்டி 0.8 நொடி இடைவெளியில் வந்தால் அதற்கு நிற்கக் கிடைப்பது 19.2 மீட்டர், குறைக்க வேண்டிய வீதம் 3.75. மூன்றாவது வண்டி 0.7 நொடி இடைவெளியில் வந்தால் கிடைப்பது 13.2 மீட்டர், வீதம் 5.45. நான்காவதாக ஒரு வண்டி அதே இடைவெளியில் வந்திருந்தால் 7.2 மீட்டரில் நின்றிருக்க வேண்டும். அதற்கான வீதம் 10. எந்தச் சரக்கு வண்டிக்கும் அது முடியாது.

இடைவெளி எதிர்வினை நேரத்தைவிடக் குறையும்போது, அந்தப் பற்றாக்குறையை ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவர் தலையில் கட்டுகிறார். 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் சாண்ட்லர், ஹெர்மன், மான்ட்ரோல் ஆகியோர் இரண்டு கார்களை ஒரு மெல்லிய கம்பியால் இணைத்து, அது சுருண்டு விரிவதைக் கொண்டு இடைவெளியை அளந்தார்கள். அந்த ஆய்வுத் தொடரில் கிடைத்த முடிவும் இதுவே. ஓட்டுநரின் எதிர்வினைத் தாமதத்தையும் அவர் வேக வேறுபாட்டுக்குக் காட்டும் உணர்திறனையும் பெருக்கி வருவது 0.5க்கு மேல் போனால், முன்னால் நடந்த சிறு அசைவு வரிசையின் பின்பக்கம் போகப் போகப் பெருகும். ஜப்பானில் 2008ஆம் ஆண்டு வெளியான ஒரு சோதனையில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொன்னபோது, எந்தத் தடையும் இல்லாமலே சிறிது நேரத்தில் நெரிசல் தோன்றிப் பின்னோக்கி நகர்ந்ததும் இந்தப் பெருக்கத்தால்தான்.

படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டாவது வேனின் பிரேக் விளக்கு இரண்டில் ஒன்று எரியவில்லை. பல்பைக் கழற்றிப் பார்த்தோம். பல்பு நன்றாக இருந்தது, அதன் பித்தளைத் தாங்கியில் உப்புப் பூத்துப் பச்சையாகக் களிம்பேறி இருந்தது. மற்றொன்றின் மேல் மீன் தண்ணீரும் தூசியும் காய்ந்து படிந்திருந்தன. இதனால் எதிர்வினை 1.5 நொடியாக நீண்டிருந்தால் மூன்றாவது வண்டிக்கு மிஞ்சியது 9.6 மீட்டர், தேவையான வீதம் 7.5. கூண்டிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரால் நனைந்த பாதையில், முழு லோடுடன் அதை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

இந்தத் தாளை உரிமையாளரிடம் காட்டினேன். கைப்பேசி எங்கும் இல்லை என்பதைப் படமும், தூங்காத ஓட்டுநருக்கும் நிற்க இடமிருக்கவில்லை என்பதைக் கணக்கும் சொல்வதாக விளக்கினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப ஏன் இவ்வளவு ஒட்டிப் போனான்?” என்று கேட்டார். அதற்கு என் கணக்கில் விடையில்லை. 0.7 என்ற எண்ணை நான் படத்திலிருந்து எடுத்து மாதிரிக்குள் வைத்திருந்தேனே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கவில்லை.

வண்டியில் ஏறிப் பார்த்தது

மணிக்கட்டு குணமாகி இளைஞர் திரும்பிய பின், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை அவருடன் ஒன்பது முறை பயணம் செய்தேன். கிளீனர் இருக்கையில் அமர்ந்து, பாலத்தின் மேல் இணைப்புத் துள்ளலையும், நிலப்பகுதியில் மைல்கல்லையும் மின்கம்பத்தையும் வைத்து நிறுத்தற்கடிகாரத்தில் இடைவெளியைக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் பயணத்திலேயே ஒன்று தெளிவாயிற்று. அவருக்கென்று ஒரு நிலையான இடைவெளி இல்லை. இரண்டாவது வேனின் பின்னால் போகும்போது ஒரு நொடிக்கும் குறைவு. அதே சாலையில், அதே வேகத்தில், முன்னால் அரசுப் பேருந்து வந்துவிட்டால் இரண்டு நொடியை நெருங்கினார். வேற்று மாநிலப் பதிவெண் கொண்ட கார் என்றால் இரண்டையும் தாண்டினார். ஏன் என்று கேட்டபோது சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “பஸ்ஸு கை காட்டுனா நின்னுரும் சார். வெளியூர்க் காரு கடலைக் கண்டா நின்னுரும். அண்ணன் எந்த எடத்துல கியரை எறக்குவாருன்னு எனக்கு மனப்பாடம். அவரு சும்மா பிரேக் போட மாட்டாரு.”

இடைவெளி என்று நாங்கள் எழுதும் அந்த எண், முன்னால் இருக்கும் மனிதர் அடுத்து என்ன செய்வார் என்பது பற்றிப் பின்னால் இருப்பவர் வைத்திருக்கும் நம்பிக்கையின் அளவு. தெரிந்தவர் வண்டி என்றால் அது சுருங்குகிறது. மாதிரிகளில் அது ஓட்டுநருக்குரிய மாறிலியாக எழுதப்படுகிறது. ஓட்டுநருக்கு ஓட்டுநர் வேறுபடலாம் என்பதுவரை ஏற்கிறோம். முன்னால் போவது யார் என்பதற்கேற்ப ஒரே ஓட்டுநரிடம் இரண்டு மடங்குக்கு மேல் மாறுவதை நான் நேரில் பார்த்தது இதுவே முதல் முறை. அவர் ‘அண்ணன்’ என்ற இரண்டாவது வேன் ஓட்டுநர் சும்மா பிரேக் போடாதவர் என்பது உண்மைதான். அன்று அவர் சும்மா போடவில்லை. ஆள் குறுக்கே போனார்கள். அவரை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தாலும், உச்சிக்கு அப்பால் நிற்பவர்களைப் பற்றிய அறிவு அதில் அடங்காது.

அவர் சொன்ன இரண்டாவது காரணம் என்னை இன்னும் யோசிக்க வைத்தது. “கிட்டப் போனாத்தான் சார் தெரியுது. தள்ளிப் போனா அவரு வேகம் கொறஞ்சதே தெரியாது.” இது பொய்யில்லை. முன்வண்டி நெருங்குவதை நம் கண் அறிவது அதன் உருவம் விரிவதைக் கொண்டுதான். விரியும் வீதம் ஒரு வரம்பைத் தாண்டும்வரை அது நமக்கு நிலையாக இருப்பதாகவே தோன்றும். மைக்கேல்ஸ் என்ற ஆய்வாளர் 1963இல் இந்தக் கருத்தை வாகனம் பின்தொடர்தலுக்குக் கொண்டுவந்தார். வீடமன் என்பவர் 1974இல் ஜெர்மனியின் கார்ல்சுரூவே நகரில் அதன்மேல் ஒரு முழு மாதிரியையே கட்டினார். அதில் ஓட்டுநர் இடையறாது திருத்திக்கொண்டிருப்பதில்லை; வரம்பைத் தாண்டியதைக் கண் சொல்லும்போதுதான் காலை அசைக்கிறார். நொடிக்கு 0.003 ரேடியன் (ரேடியன் என்பது கோணத்தின் அலகு) என்று பரவலாக எடுக்கப்படும் வரம்பை வைத்து 1.7 மீட்டர் அகலமுள்ள கூண்டுக்குக் கணக்கிட்டேன். 12 மீட்டர் தொலைவில் மணிக்கு 1 கிலோமீட்டர் வேக வேறுபாடுகூடத் தெரிந்துவிடும். 40 மீட்டரில் வேறுபாடு 10 கிலோமீட்டர் ஆகும்வரை தெரியாது. லோடு வண்டி ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமலே தளர்வதால் சிவப்பு விளக்கும் துணைக்கு வராது. ஒட்டிப் போகிறவருக்குச் சீக்கிரம் தெரிகிறது. தெரிந்த பிறகு செய்வதற்கு நேரம் இருப்பதில்லை. அந்த இளைஞர் முதல் பாதியைத் தன் அனுபவத்திலிருந்து சரியாகவே கற்றிருந்தார்.

மூன்றாவது காரணம் ஆறாம் பயணத்தில்தான் வெளிவந்தது, அதுவும் தற்செயலாக. உச்சிப்புளிக்கு அருகே ஒரு கார் எங்களுக்கும் இரண்டாவது வேனுக்கும் இடையில் புகுந்தது. இளைஞர் பதறிப்போய் ஹாரன் அடித்து அதை முந்தப் பார்த்தார். என்ன அவசரம் என்று கேட்டேன். மூன்று வண்டிச் சரக்குக்கும் பில் புத்தகம் ஒன்றே, அது முதல் வேனில் இருக்கிறது, வழியில் நிறுத்திக் கேட்டால் மூன்றும் சேர்ந்து நின்றால்தான் காகிதம் காட்ட முடியும் என்றார். இறக்கும் இடத்திலும் மூன்றும் சேர்ந்து போனால்தான் வரிசையில் ஒரே இடம் கிடைக்கும்; நடுவில் வேறு நிறுவனத்து வண்டி புகுந்தால் பின்தங்கிய வண்டி ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கும். இரண்டு ஆண்டுகளாக அவர் முன்வண்டியின் வாலைப் பிடித்துப் போனதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம்.

தடைக்காலத்தில் எடுத்த முடிவுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வண்டிகள் ஓய்ந்திருந்தன. உரிமையாளர் வீட்டுத் திண்ணையில் நால்வரையும் உட்கார வைத்துப் பேசினோம்.

பாலத்தின் மேல் இரண்டு நொடி இடைவெளி என்று முதலில் முடிவாயிற்று. மீட்டரில் சொன்னால் ஓடும் வண்டியிலிருந்து யாராலும் அளக்க முடியாது. முன்வண்டி இணைப்பில் துள்ளியதும் ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று சொல்லி முடித்த பிறகே தம் வண்டி துள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அவ்வளவு தள்ளிப் போனால் வேகம் குறைவது தெரியாதே என்ற இளைஞரின் மறுப்புக்கு அதே கணக்கால் விடை சொன்னேன். உச்சியின் வேகத்தில் இரண்டு நொடி என்பது 24 மீட்டர். அங்கே 4 கிலோமீட்டருக்கும் குறைவான வேறுபாடே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கும் காலுக்கும் ஒருசேரப் பொருந்துவதால்தான் இரண்டு நொடியைத் தேர்ந்தேன். மூன்று நொடி என்று சொல்லியிருந்தால் அவர் மறுப்பில் நியாயம் கூடியிருக்கும்.

ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பில் புத்தகம் என்பது இரண்டாவது முடிவு. அதையொட்டி, ஏற்றி முடித்த வண்டி மற்றவற்றுக்காகக் காத்திராமல் கிளம்பலாம் என்றும், குறைந்தது பத்து நிமிட இடைவெளி விட வேண்டும் என்றும் வைத்தோம். கணக்கர் ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று.

வாரம் ஒருமுறை விளக்குத் தாங்கிகளைத் துடைத்துக் கிரீஸ் தடவுவதில் யாருக்கும் மறுப்பில்லை. கூண்டின் கதவுக்கு மேலே மூன்றாவது பிரேக் விளக்கு ஒன்று பொருத்தலாம் என்ற என் யோசனையை மட்டும் முதல் வேன் ஓட்டுநர் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடல் முதல் கார்களில் உயரத்தில் மூன்றாவது விளக்கு கட்டாயமாக்கப்பட்டதைச் சொன்னேன். “முப்பது வருசமா ரெண்டு லைட்டுலதான் ஓட்டுறேன் தம்பி” என்று அவர் முடித்துவிட்டார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் என்பதால் நான் மேலே வற்புறுத்தவில்லை. அன்று வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு நடந்தது

ஜூன் மாதத்தில் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. பாலத்தின் மேல் இரண்டு நொடி விதி நிலைத்தது. அங்கே முந்துவதற்கு இடமில்லாததால், விட்ட இடைவெளியில் காரோ பேருந்தோ புகுவது அரிது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய மாதங்களில் உயரமான கூண்டு பக்கவாட்டில் தள்ளாடுவதால் ஓட்டுநர்கள் தாமாகவே இன்னும் தள்ளிப் போனார்கள்.

நிலப்பகுதியில் அதே விதி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உச்சிப்புளி முதல் இராமநாதபுரம் வரை, 24 மீட்டர் விட்டால் அதற்குள் ஒரு காரும் இரண்டு பைக்குகளும் வந்து சேர்ந்தன; ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் பின்வாங்கி மறுபடி இடைவெளி உண்டாக்க வேண்டியிருந்தது. ஆவணியில் ஒரு நாள் அப்படிப் புகுந்த பைக் சட்டென்று வலப்பக்கம் திரும்ப, இரண்டாவது வேன் கடுமையாகப் பிரேக் போட்டு மேல்வரிசைப் பெட்டிகள் சரிந்தன. தடம் பிரித்து ஓடும் சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதியை, பைக்கும் ஆட்டோவும் கிடைத்த சந்தில் நுழையும் நம் சாலைக்கு அப்படியே கொண்டுவந்தது என் பிழை. அந்தப் பகுதியில் ஒன்றரை நொடியும், ஊர் வரும் இடங்களில் வேகக் குறைப்பும் என்று மாற்றிக்கொண்டோம்.

பெரிய மாற்றத்தைத் தந்தது பில் புத்தகம்தான். தனித்தனியே கிளம்பிய பின் மூன்று வண்டிகளும் ஒன்றையொன்று பார்ப்பதே குறைந்துபோயிற்று. முன்னால் போவது தெரியாதவர் வண்டி என்பதால் இளைஞரின் இடைவெளி தானாகவே அகன்றது. நான் ஐப்பசியில் மீண்டும் இரண்டு பயணம் போய் அளந்தபோது பாலத்தில் ஒருமுறைகூட ஒன்றரை நொடிக்குக் கீழே வரவில்லை. இரண்டு பயணத்தை வைத்து உறுதியாகப் பேச முடியாது என்பதையும், ஆள் பக்கத்தில் கடிகாரத்துடன் உட்கார்ந்திருந்தால் யாரும் கவனமாகவே ஓட்டுவார் என்பதையும் சேர்த்தே பதிகிறேன். அடுத்த தடைக்காலம் வரை மூன்று வண்டிகளும் தமக்குள் உரசவில்லை.

மூன்றாவது விளக்கு வந்த கதை வேறு. மார்கழியில் ஒரு நாள் இரண்டாவது வேன் பட்டறையில் நின்றது. சரக்கேற்ற நேரமாகிவிட்டதால் மற்ற இரண்டும் சேர்ந்தே கிளம்பின. சரக்கு முதலில் ஏறியது இளைஞரின் வண்டியில் என்பதால் அவர் முன்னால் போக, முப்பது ஆண்டில் முதல் முறையாக மூத்தவர் ஒரு வெள்ளைக் கதவின் பின்னால் பாலம் ஏறினார். இறக்கிய இடத்தில் வண்டியை விட்டு இறங்கி வந்தவர் இளைஞரின் கூண்டுக் கதவைக் கையால் தட்டி, “உன் கதவைத் தவிர ஒண்ணுமே தெரியலையேடா” என்றாராம். அந்த வாரமே மூன்று கூண்டுகளிலும் மேல்விளக்கு ஏறியது. செலவில் ஒன்றுக்கு அவரே பணம் கொடுத்தார்.

இளைஞரின் சம்பளத்தில் பிடித்த தொகையில் பாதியை உரிமையாளர் திருப்பிக் கொடுத்தார். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை அவரிடமும் சொன்னேன்.

மறுபடி செய்தால் மாற்றுவது

கணினியின் முன் அமர்வதற்கு முன்பே வண்டியில் ஏறியிருப்பேன். மாதிரியுடன் போராடிய நாட்களில் எனக்குக் கிடைத்த எண்கள் பயனுள்ளவைதான், ஆனால் 0.7 நொடி எப்படி உண்டானது என்பதை இளைஞர் முதல் நாளே சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வண்டியை மட்டும் அளந்தது இன்னொரு குறை. கடைசியாக மோதியவரிடம்தான் தவறு இருக்கும் என்ற உரிமையாளரின் எண்ணத்தை மறுப்பதாக நினைத்துக்கொண்டே, நானும் கேமராவையும் கடிகாரத்தையும் அவர் வண்டியிலேயே வைத்திருந்தேன். என் கணக்கின்படி பற்றாக்குறை தொடங்குவது இரண்டாவது வண்டியில். அக்கா மகன் தாய்மாமன் வண்டியின் பின்னால் எவ்வளவு நெருங்கிப் போனார் என்பதற்கு நான் 0.8 என்று வைத்தது ஊகம் மட்டுமே. அன்று ஒரு முழ இடைவெளியில் நின்றதைப் பார்த்தால் அதைவிடக் குறைவாகவும் இருந்திருக்கலாம். அடுத்து இப்படி ஒன்று வந்தால் நடு வண்டியில் முதலில் ஏறுவேன்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி இறங்குபவர்கள் பற்றி நாங்கள் எதுவும் செய்யவில்லை. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் தீவுக்குள் வரும் கூட்டத்தில், எவ்வளவு இடைவெளி விட்டாலும் உச்சிக்கு அப்பால் நிற்கும் வண்டி மறைந்தேதான் இருக்கும். அந்த நாட்களில் மட்டும் வேன்கள் விடியுமுன்பே பாலத்தைக் கடக்கும்படி ஏற்றும் நேரத்தை மாற்ற முடியுமா என்று இப்போது உரிமையாளருடன் பேசிக்கொண்டிருக்கிறோம். படகு கரை திரும்பும் நேரத்தைப் பொறுத்தது என்பதால் இன்னும் முடிவாகவில்லை.